மந்தினிலிருந்து ராசாவுக்கு, ஒரு பறவையின் குரலோடு

முக்கிய அறிவிப்பு. கடந்த சனிக்கிழமை காலை ஏழரை மணியளவில், மந்தின் பஸ் நிறுத்தத்தில், என் இடது கால் சிலிப்பர் வார் அறுந்து காலமானது. அன்னாருக்கு வயது பதினொரு மாதம். வலது காலிலிருந்த துணையைத் தவிர வேறு யாரும் துக்கம் அனுசரிக்கவில்லை.

அந்தச் சோகத்திலும் நான் பயணத்தைத் தொடர்ந்ததற்குக் காரணம் ஒரு பறவை. எங்கள் எஸ்டேட்டின் மேட்டுக் காட்டில் முன்பு இருந்த, தலையில் கவசம் வைத்த இருவாச்சி. முதலில் கோடரி விழுவது போல ‘டொக்… டொக்…’ என்று ஆரம்பித்து, வேகம் பிடித்து, கடைசியில் பைத்தியம் போலச் சிரிக்கும். மாமியார் வீட்டுத் தூணை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரிக்கும் மருமகன் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். காட்டை அழித்துச் செம்பனை நட்டார்கள். இப்போது மருமகனும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அம்பாங்கானில் சித்திரம் சொல்லிக்கொடுக்கும் வசந்தி அக்கா, அந்தப் பறவைக்காக, சிரம்பானை அடுத்த ராசாவில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார். எங்கள் எஸ்டேட்டுப் புகைவீட்டில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய ஒரே ஒரு மரம். எட்டடி உயரம், நடுவில் ஒரு கீறல். முட்டையிடப் பொந்துக்குள் போகும் பெண் பறவை வாசலை அடைத்துக்கொள்ளுமாம். ஆண் அந்தக் கீறல் வழியாகத்தான் இரை கொடுக்கும். அந்தக் கீறலிலிருந்து குரல் வர வேண்டும். குரலுக்கு ஆள் தேடி அக்கா எஸ்டேட்டுக்கு வந்தபோது, வேலை மேய்க்கும் மண்டோரின் கொட்டாவி முதல் லாரி ஹார்ன் வரை எல்லாம் செய்து காட்டும் அடியேன் முன்னே போய் நின்றேன்.

“உண்மையிலேயே தெரியுமாடா? சும்மா கதை விடாதே.”

“என்னாக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி லா! தினம் கேட்டு வளர்ந்தவன் நான்.”

செய்து காட்டினேன். அக்கா நோட்டுப் புத்தகத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். காட்டிலாகாவில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மலாய்ப் பெரியவர், எல்லாருக்கும் பக்சிக், திறப்பு நாளன்று கேட்பார். அவர் தப்பு என்று சொன்னால் மரம் ஊமையாகவே நிற்கும். நானோ அதற்குள் எஸ்டேட்டு முழுக்கத் தண்டோரா போட்டிருந்தேன். ஒரு லாரி நிறைய ஆட்கள் என்னைக் கேட்கக் கிளம்பிவிட்டார்கள்.

இனி வழி. லாரிக்கு முன்பே போய்ச் சேர வேண்டியவன் நான். எஸ்டேட்டிலிருந்து மந்தின் மூன்று மைல், நடைதான். அங்கிருந்து சிரம்பானுக்கு பஸ், ஒரு வெள்ளி, முக்கால் மணி நேரம். மலை வளைவுகளில் வயிறு காலியாக இருப்பது நல்லது. அக்கா கூடுதலாகக் கேட்ட நான்கு ஷீட்டுகள் என் மடியில். புகைபோட்ட ரப்பரின் மணம் அறியாதவர்கள் பாக்கியவான்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் முறைத்தார்.

“டேய் தம்பி, என்னடா நாத்தம் அது? எலி ஏதும் செத்துப்போச்சா?”

“இல்லண்ணே, பறவை செத்துப்போச்சு. அதுக்குத்தான் கண்காட்சி.”

“அப்போ பொணத்த ஜன்னல் ஓரமா வெச்சுக்க லா!”

சிரம்பானில் டவுன் பஸ் மாறினால் ராசா, நாற்பது காசு. ஒற்றைச் சிலிப்பருடன் கலையுலகில் காலடி வைத்தேன்.

பத்து மணிக்கு மரத்துக்குள் நுழைந்தேன். உள்ளே வெந்நீர் அண்டாச் சூடு. கீறல் வழியாகப் பார்த்தால் எங்கள் ஜனம். பால் வெட்டும் அக்காமார்கள் ஷீட்டைத் தடவிப் பார்த்து, “ஏய், இது நம்ம மிஷின்ல ஓட்டுனதுடி, கோடு பாரு!” என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். என் அம்மா, முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண்மணியிடம் மரத்தைக் காட்டி, “என் பிள்ளை” என்று மலாயில் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

ஆரம்பித்தேன். டொக்… டொக்… நடுவில் ஒரு சின்ன இருமல். அப்புறம் அந்தச் சிரிப்பு. முடித்தேன். பக்சிக் கீறலருகே வந்து குனிந்தார். அவர் பேசியது மலாய். நான் தருவது தமிழ்.

“சரியாத்தான் இருக்கு. பதினஞ்சு வருஷமாச்சு கேட்டு. ஆனா நடுவுல ஏன் இருமுது? அது இருமாதே.”

எனக்கு வியர்வையே நின்றுவிட்டது. வாய் மட்டும் வழக்கம்போல முந்திக்கொண்டது.

“புகை, பக்சிக். காட்டைக் கொளுத்துனாங்க இல்ல?”

பக்சிக் மெதுவாகக் குல்லாவைக் கழற்றினார். வசந்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, தலைப்பு அட்டையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘இருமல்’ என்று எழுதினார். லாரி ஜனம் கைதட்டியதில் மரமே ஆடியது. இந்த மாநிலத்தில் அந்தக் குரலை எழுப்பத் தெரிந்த கடைசி ஆள் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். நான் மறுக்கவில்லை. முன்வரிசையில் எங்கள் எஸ்டேட்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மட்டும் நெஞ்சைத் தடவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மாதக் கடைசி வரை திறந்திருக்கும், கட்டணமில்லை. இப்போது மரத்துக்குள் என் குரல் பதிந்த டேப் ஓடுகிறது. கீறலில் காதை வைத்துக் கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள் போங்கள், ரப்பர் பிசுபிசுக்கும். நல்ல சிலிப்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். அந்தப் பறவையை நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. நான் தவழ்ந்த காலத்திலேயே காடு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் என்று சொன்னது கிராணி வீட்டுக் கூண்டு மைனாவை. மேட்டுக் காட்டில் பிடித்தது. அது இருவாச்சியிடம் கற்றது, நான் அதனிடம் கற்றேன். இருமல், கிராணி ஐயாவுடையது. புகை என்று நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல, சுருட்டுப் புகை.

அன்று மாலை கூண்டருகே போய் நின்றேன். மைனா என்னைப் பார்த்து டொக் டொக் என்றது, இருமியது, விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி ஆள் நான் இல்லை. ஒரு வாழைப்பழத்தை நீட்டி, யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். கேட்டதையெல்லாம் வெளியே சொல்லிவிடுவதுதான் அதன் பிழைப்பு என்பது அப்புறம்தான் உறைத்தது.