நாய் கவனம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், பச்சைக் கேற்றில் அந்தப் பலகை தொங்கியது. சிவப்பு எழுத்தில் ‘நாய் கவனம்’. கண்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாய் வளர்க்கிற வீட்டில், நாயோடு வருகிறவர்களை வேண்டாம் என்பார்களா? அப்படித்தான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டை, மாடிக் குடியிருப்புக் கட்டுவதற்காக விற்றுவிட்டார்கள். மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும். வீடுகளுக்குப் பஞ்சமில்லை, ரைகருக்குத்தான் இடமில்லை. ஒரு கண்ணில் புரை விழுந்த கிழட்டு நாய். இடி இடித்தால் அம்மாவின் கட்டிலுக்கடியில் போய் ஒளியும் வீரன். பூனையென்றால் யோசிக்கலாம் என்றார் ஒரு வீட்டுக்காரர். நாயைச் சுருக்கித் தர முடியுமா என்று கேட்காததுதான் குறை. நான் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் அம்மா கதைக்க இருந்த ஒரே ஆள் ரைகர்தான். “அவனை விட்டிட்டு நான் வரமாட்டன். நீ வேணுமெண்டால் போ” என்று அம்மா சொல்லிவிட்டார்.

பச்சைக் கேற் வீட்டுக்காரி இளைப்பாறிய ஆசிரியை. ஒழுங்கை முழுவதும் அவரை ரீச்சர் என்றது. கீழே தான் இருந்துகொண்டு மேல்மாடியை வாடகைக்கு விடுகிறவர். எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்து விசாரணையைத் தொடங்கினார். “ஊரில எவடம்?” அம்மா சொன்னார். ஊர் போதவில்லை, கோயிலடியா, சந்தையடியா என்று குறிச்சி வரைக்கும் போனார். அந்தக் கேள்வி எதற்கென்று கொழும்பில் வீடு தேடிய எந்தத் தமிழருக்கும் தெரியும். சாதியை நேரே கேட்க வெட்கம், கேட்காமல் விடவும் மனமில்லை. அடுத்தது மீன், இறைச்சி பற்றி, “மச்சம் சமைப்பியளோ?” வெள்ளிக்கிழமைகளில் இல்லை என்றார் அம்மா. ரீச்சரின் முகம் மலர்ந்தது. அவர் சாவியைக் கையில் எடுத்தபோதுதான் ரைகரைப் பற்றிச் சொன்னேன்.

“நாயோ? ஐயோ பிள்ளை, சாமியறை இருக்கெல்லே!”

“அப்ப கேற்றில பலகை?”

“அது கள்ளருக்குப் போட்டது. நாயை ஆர் வளக்கிறது, ஊத்தை!” பிறகு குரலைத் தாழ்த்தி எங்களுக்கு நல்ல புத்தி சொன்னார். “பேலியகொடை மீன் சந்தையடியில கொண்டுபோய் விடுங்கோவன். அதுக்கும் சாப்பாட்டுக்குக் குறைவிராது.”

இதைச் சொன்னவரின் நெற்றியில் மூன்று குறி திருநீறு அழியாமல் இருந்தது. சீ என்று போய்விட்டது எனக்கு. அம்மா தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்தார்.

கடைசியில் ஜிந்துப்பிட்டியில் இரண்டு அறை கிடைத்தது. குறுகிய சந்து, வெயில் எட்டியும் பார்க்காது. துறைமுகத்தில் வேலை செய்த அந்த வீட்டுக்காரர், “கடிக்குமா?” என்று மட்டும் கேட்டார். சரியான பயந்தாங்கொள்ளி என்றேன். “அப்ப நம்ம வீட்டு ஆளுதான்” என்று சிரித்தார். எங்கள் ஊர் எதுவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் ரீச்சர் போன் எடுத்தார். வீடு பார்க்கப் போனபோது என் இலக்கத்தை வாங்கி வைத்திருந்தவர். கள்ளர் சாமியறைக்குள் இறங்கிக் குத்துவிளக்குகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். “உங்கட நாயை மட்டும் இஞ்ச கொண்டுவந்து விடுங்கோவன் பிள்ளை. பின்பக்கம் கட்டி வைக்கலாம்.” நாய் மட்டும் வேண்டும், நாங்கள் வேண்டாம். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் அது கேட்டிருந்தது. அம்மா போனை என் கையிலிருந்து பறித்தார்.

“ரைகரிட்டைக் கேட்டனான், ரீச்சர். அவனுக்கு வர விருப்பந்தானாம். உங்களுக்கு ஊரில எவடம் எண்டு மட்டும் வடிவா விசாரிக்கச் சொல்லுறான்.”

ரீச்சர் போனை வைத்துவிட்டார்.

ரைகர் போன வருடம் அம்மாவின் கட்டிலுக்கடியிலேயே செத்துப்போனான். அம்மா இன்னும் பகலில் அந்தப் பக்கம் பார்த்துக் கதைக்கிறார். போன வாரம் வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையால் வந்தேன். பலகையைப் புதிதாக்கியிருக்கிறார்கள், எழுத்துக்கு மேலே இப்போது பல்லைக் காட்டும் ஒரு நாயின் படமும் இருக்கிறது. அது குரைக்காது, சோறு கேட்காது, சாமியறைப் பக்கம் தலை நீட்டாது. ரீச்சருக்குத் தோதான நாய்தான்.