கடற்பக்கத்து ஏழு கம்புகள்

மாமா கௌரவத் தலைவரான செய்தி எங்களுக்கு அவர் வாயால் வரவில்லை. கல்முனைச் சந்தைக்கு மீன் வாங்கப் போன உம்மா அங்கே கேட்டுக்கொண்டு வந்தார். கடற்கரை முகாமில் இருந்த இராணுவத் தொண்டர் படைக்கு ஊர்மக்கள் ஆதரவுக் குழு ஒன்று அமைத்திருக்கிறார்களாம். படையினரின் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பது, பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புவது, விழாவுக்குக் கதிரை ஒழுங்கு செய்வது எல்லாம் அந்தக் குழுவின் வேலையாம். அதன் கௌரவத் தலைவர் உம்மாவின் காக்கா, மூத்த அண்ணன், அதாவது எங்கள் மாமா.

"சும்மா குடுப்பாங்களா தலைவர் பதவி? என்னத்தையோ எழுதிக் குடுத்திட்டுத்தான் வாங்கியிருப்பார்" என்றார் சாச்சி.

சாச்சி உம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம் நடக்கும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடு கட்டுவது கூடப்பிறந்த ஆண்களின் கடமை. சாச்சிக்கென்று எழுதி வைத்த வளவுக் காணி கடலோரத்தில் இருந்தது. சுனாமி வேலியையும் எல்லைக் கல்லையும் கொண்டுபோய், கிணற்றை மட்டும் விட்டுவைத்தது. நிவாரணம் கொடுக்க வந்து கூடாரம் அடித்த படை பிறகு அங்கேயே முகாம் போட்டது. வளவு முகாமுக்குள் அகப்பட்டுக்கொண்டது. சாச்சிக்கு இருபத்தெட்டு வயது. சம்மாந்துறையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், வளவு எப்போது வரும் என்று மாதம் ஒருமுறை ஆளனுப்பிக் கேட்டார்கள்.

இந்த நிலையில் மாமா முகாம்காரருக்கே தலைவரானால் எப்படி இருக்கும்? தேத்தண்ணிக் கடையில் அவர் நுழைந்ததும் கதை நின்றது. முதுகுக்குப் பின்னால் "கேணல் காக்கா" என்று பெயர் வைத்தார்கள். முகாமில் கொடுத்த பலகையை, பொன்னெழுத்தில் பெயர் போட்டது, எங்கள் முன்மண்டபத்தில் மாட்டச் சொல்லிக் கொடுத்தார். மாமா வசித்தது மாமியின் வீட்டில்தான். ஆனால் பெருமையெல்லாம் தங்கைகளின் வீட்டில் தொங்க வேண்டுமாம். சாச்சி அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். மறுநாள் வந்த மாமா பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். பதில் சொல்லாத ஆளை யார்தான் நம்புவார்கள்?

எனக்கு அப்போது பத்து வயது. யார் எதை ஒளிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு. ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் யாரும் கவனிக்காத நேரம், மாமா உம்மாவின் அலுமாரியைத் திறந்து சாச்சியின் வளவு உறுதிப் பத்திரத்தை எடுத்துச் சாரனுக்குள் செருகியதைக் கண்டேன். ஓடிப்போய் சாச்சியிடம் சொன்னேன். சாச்சி அழவில்லை. அடுப்பில் இருந்த சோற்றை இறக்க மறந்து நின்றார். சோறு அடிப்பிடித்த மணம் வீடெங்கும் பரவியது.

"வித்திட்டார்கா. எங்கட காக்கா என்னய வித்திட்டார்" என்று உம்மாவிடம் சொன்னார்.

உம்மா மாமாவிடம் நேரே கேட்டார். "உறுதி எங்க?" "எங்கிட்ட இரிக்கி." "என்னத்துக்கு?" "தேவை இரிக்கி. நீங்க வாயப் பொத்திக்கிட்டு இரிங்க. இங்க கதைச்சா அசர் தொழுகைக்கு முந்தி முகாமுக்குப் போயிரும்." இதைக் கேட்டபின் எங்களுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. வாயைப் பொத்தச் சொல்கிறவர் நல்லது செய்கிறவராக இருப்பாரா என்று நான் பெரிய மனுசி போல் யோசித்தேன்.

அடுத்த மாதம் முகாமில் குடும்ப தின விழா வந்தது. கௌரவத் தலைவரின் யோசனைப்படி, காலையில் ஊரும் படையும் சேர்ந்து மரம் நடுவதாம். நிழலுக்கு என்றார். மரம் என்றால் மாங்கன்று, வேம்பு என்று நினைத்துப் போனோம். மாமா ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி நிறையக் கிளிசறியாக் கம்பு கொண்டுவந்து இறக்கினார். வேலிக்கு நடும் கம்பை நிழலுக்கு நடுகிற தலைவரை அன்றுதான் உலகம் கண்டது.

முகாமுக்குப் பொறுப்பான கேணல் சிரித்த முகமான மனிதர். முதல் கம்பை அவரே நட்டார். மாமா அவர் கையைப் பிடித்து, இங்கே இல்லை, அங்கே என்று இரண்டு அடி தள்ளி நிற்கவைத்தார். படம் பிடித்தார்கள். பிறகு மாமா சாச்சியின் வளவுக் கிணற்றடியிலிருந்து மெல்ல மெல்ல நடந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓதுகிறார் என்று நினைத்தேன். செய்வது துரோகம், அதற்கு ஓதல் வேறா என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் நின்ற இடத்திலெல்லாம் ஒரு கம்பு நட்டார்கள். யார் யார் நட்டது என்று முகாம் எழுத்தர் கொப்பியில் பதிந்தார்.

சாச்சி வளவுக்குள் வர மறுத்து வாசல் பக்கம் நின்றார். "எண்ட வளவ எண்ட கண்ணுக்கு முன்னாலயே வேலியடைச்சிக் குடுக்கார், பாரு" என்றார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பின் வாத்தியக்குழு வாசித்தது. எல்லோரும் மைதானத்துக்குப் போனார்கள். நான் கடற்பக்கம் போனேன். காலையில் நட்ட கம்பு, மணல் தரை, அசைத்தால் வந்துவிடும். ஏழு கம்புகள் பிடுங்கினேன். ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்தேன். எட்டாவதில் கை வைத்தபோது பின்னால் மாமா நின்றார்.

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அவர் ஏழு குழிகளையும் பார்த்தார். வண்டியில் கம்பு மிச்சமில்லை. மைதானத்திலிருந்து கேணல் கையசைத்து அவரைக் கூப்பிட்டார். மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வாளியில் தண்ணீர் அள்ளி, என் கையில் ஒட்டியிருந்த மணலையும் பச்சைத் தோலையும் தானே தேய்த்துக் கழுவினார். தன் சால்வையால் துடைத்துவிட்டார்.

"எங்க போன எண்டு ஆரும் கேட்டா, மாமாவோட நிண்ட எண்டு சொல்லு மகள்" என்றார். குற்றமுள்ளவர் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பதினாறு வயதில் சாதாரண தரச் சோதனை எழுதிய வருடம் முகாமைச் சுருக்கினார்கள். ஊராரின் காணிகளை அளந்து விட வந்தபோது எல்லை காட்ட மற்ற எவரிடமும் ஒன்றும் இல்லை. மாமாவிடம் உறுதி இருந்தது. உறுதியில் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று எழுதியிருந்ததோ அத்தனை அடியில், அன்று நட்ட கம்புகள் வேர்விட்டு உயர்ந்த மரங்களாக நின்றன. கேணல் தன் கையால் முதல் மரத்தை நடும் படம் முகாம் அலுவலகச் சுவரிலேயே தொங்கியது. நட்டவர்களின் பெயர்களும் அவர்கள் கொப்பியிலேயே இருந்தன. மறுக்க ஆளில்லை. சாச்சியின் வளவை மூன்று பக்கமும் மரத்தோடு விட்டார்கள். மரமில்லாத கடற்பக்கத்தில் மட்டும், முகாமின் புது மதில் கிணற்றுக்கு இந்தப் பக்கமாக எழும்பி, கிணற்றை உள்ளே வாங்கிக்கொண்டது.

சம்மாந்துறை மாப்பிள்ளை அதுவரை காத்திருக்கவில்லை. வேறொருவர் வந்தார், நல்ல மனிதர். சாச்சி இப்போது அந்த வளவில்தான் இருக்கிறார். குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். மாமா ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் அங்கே போவார். சாச்சி தேத்தண்ணியை வைத்துக்கொண்டே கேட்பார்.

"மெய்யச் சொல்லுங்க காக்கா. மத்தக் காணிக்காக எண்ட கிணத்தக் கேணலுக்குக் குடுத்துத்தானே பேசி முடிச்சீங்க?"

மாமா ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. ஊரும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறது. போன வெள்ளி நானும் அங்கே இருந்தேன். அந்த ஏழு கம்பைச் சொல்ல வாய் திறக்கப் போனேன். மாமா என் கையைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அன்று கிணற்றடியில் அவர் என் கையைக் கழுவியது மண்ணுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.