அந்தோணி பாஸின் இடச்சாய்வு உளி

முற்றத்தில் மிளகு பரப்பிக்கொண்டிருந்தபோது வஹகோட்டையிலிருந்து அந்தோணி பாஸின் மகள் ஸ்டெல்லா போன் எடுத்தாள். "ராசம்மா அத்தை, அப்பா போயிட்டாரு" என்றாள்.

பலாபத்வலப் பட்டறையில் அந்தோணி பாஸோடு தச்சுவேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே சேர்ந்தது அரத்தாள் தேய்க்க. லாச்சி என்கிற மேசை இழுப்பறையின் மூலைகளில் புறா வால் போல விரிந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் டவ்டெயில் வெட்டுவது கைதேர்ந்த தச்சரான பாஸின் வேலை. அறுத்த பின் குழிக்குள் மிஞ்சும் சிராய்களைச் சுத்தம் செய்ய என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். "அக்காவுக்கு அவசரம் கிடையாது, அது போதும்" என்றார். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "ஒரு சாமான் கெட்டாலும் அந்தம்மா திரும்ப அரத்தாளுக்குத்தான்" என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டார்.

எங்கள் உளிகளின் பக்கங்கள் தடிப்பு. குழியின் சுவரோ உள்ளே சாய்ந்திருக்கும். உளி மூலைக்குப் போகுமுன் அதன் பக்கம் சுவரை நசுக்கிவிடும். பக்கத்தை மெலித்தால் சரிவரும் என்று எனக்குப் பட்டது. பாஸ் தேத்தண்ணிக்குப் போன நேரம் அவருடைய அரை அங்குல உளியைக் கேட்காமல் எடுத்துச் சாணைச் சக்கரத்தில் வைத்தேன். நன்றாக மெலிந்தது. நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே உளி வாயின் ஒரு முனை நீலமாகிவிட்டது. சூட்டில் நீலம் பாய்ந்த இரும்பில் கூர் நிற்காது. பலாப் பலகையில் ஒரு தட்டு, முனை மடங்கியது.

முதலாளி பார்த்துவிட்டார். "சொன்னேனா இல்லியா?"

பாஸ் கோப்பையோடு வந்து உளியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெலிக்கணும்னு அக்கா நெனச்சது சரிங்க. இத்தன வருசமா எனக்குத் தோணல. சுட்டதுதான் தப்பு. அதுக்கு ஒரு டப்பா தண்ணி போதும்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டு போனதும் என் பக்கம் திரும்பினார். "என்னாக்கா, உளிய ரொட்டின்னு நெனச்சீங்களா, இப்பிடிச் சுட்டு வச்சிருக்கீங்க?"

பால்மா டின்னில் தண்ணீர் வைத்து, உளியைத் தோய்த்துத் தோய்த்து, கெட்ட முனையைச் சாய்வாகத் தேய்த்து எடுத்தார். நீலம் போனது. மறுமுனை கூராக நீண்டு நின்றது. அதுவரை எந்த உளியும் எட்டாத மூலைக்கு அது எட்டியது; ஆனால் ஒரு பக்கத்து மூலைக்கு மட்டும். மறுநாள் தன்னுடைய இன்னொரு நல்ல உளியை எடுத்து எதிர்ப்புறமாகச் சாய்த்தார். எனக்கு மனசு பதறியது. "ஒத்தச் செருப்போட எவ்வளவு தூரம் போவீங்க?" என்றார்.

வலச்சாய்வு என்னிடம், இடச்சாய்வு அவரிடம். கேட்டுக் கேட்டு மாற்றிக்கொள்வோம். அதன்பின் என்னை யாரும் அரத்தாளுக்கு அனுப்பவில்லை. என் பேத்தியின் மேசை லாச்சியை இழுத்துப் பார்க்கிறவர்கள் யார் செய்தது என்று கேட்பார்கள். நான்தான் என்பேன்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது எண்ணெய்த் துணியில் சுற்றிய இடச்சாய்வை ஸ்டெல்லா என் கையில் வைத்தாள். "ஒங்களுக்குன்னு சொல்லி வச்சிருந்தாருங்க அத்தை." வீட்டுக்கு வந்து பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை, கடித்தது. படுக்கையில் விழுமுன் தீட்டியிருக்கிறார்.

அந்தக் கூர் மழுங்கும்வரை அதில் வேலை செய்வேன். மழுங்கியதும் நானே தீட்டுவேன், தண்ணீர் டப்பாவை முதலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு.