மடித்துக் கட்டிய வேட்டி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் நிறைய இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வருஷம் ஐம்பத்து மூன்றோ நாலோ, மாங்காய்க் காலம் முடிந்திருந்தது. என் தாய்மாமன் தெலுங்கு எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளிப் பக்கம் எனக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். அதற்கு முன் இரண்டு இடத்தில், 'பையன் வாயே திறக்க மாட்டேங்கறான்' என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். இதுவும் போனால் அப்புறம் கூப்பிடாதே என்று மாமா சொல்லியிருந்தார்.

ஆளுக்கொரு வாடகை சைக்கிள். மாமா முன்னால் போய்விட்டார். பின்னால் வந்த என் வேட்டி செயினில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே கிழிந்து, மசகும் அப்பிக்கொண்டது. கிழிசல் உள்ளே போகும்படி மடித்துக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டுவது வேலைக்கு, நடைக்கு, சண்டைக்கு. பெரியவர்கள் எதிரில் வந்தால் இறக்கிவிட வேண்டும். பெண்ணின் அப்பா எதிரில் வந்தார். நான் இறக்கவில்லை.

"டேய், எறக்குடா" என்று மாமா பல்லைக் கடித்தார்.

பெண்ணின் அப்பா என் முழங்காலையே பார்த்தார். "ஏந்தம்பி, பொண்ணு பாக்க வந்தியா, வரப்புச் சண்டைக்கு வந்தியா?"

உள்ளே பெண்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மடிப்பை அவிழ்த்துவிட்டேன். கிழிந்த துணி கறுப்பாகத் தொங்கியது.

"செயினா?"

தலையாட்டினேன். அவர் கொடியில் காய்ந்த தன் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து வந்து நீட்டினார்.

மாமா பதறிவிட்டார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல லுங்கியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"வெளியாளுக்கு யாருங்க லுங்கி குடுப்பாங்க? வூட்டு ஆளுக்குத்தான் குடுப்போம்."

மாட்டுக்கொட்டகையில் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் தளர்ந்த துணியில் உட்கார்ந்ததும் என் கூச்சமும் கொஞ்சம் தளர்ந்தது. "உங்க பொண்ணுக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றேன். நான் பேசியதைக் கேட்டு மாமாவே திரும்பிப் பார்த்தார்.

உள்ளிருந்து பெண்ணின் குரலே வந்தது, தமிழில்:

"வேட்டிய வெச்சிட்டுப் போவச் சொல்லுங்கப்பா. சீமெண்ணெ போட்டுத் தொவச்சி, தெச்சி வெக்கறேன். வந்து வாங்கிக்கட்டும்."

மாமனாரின் லுங்கியோடுதான் வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த வாரமே வேட்டி வாங்கப் போனேன்.

எழுதி முடித்தது: 1977, தை மாதம் 9ஆம் தேதி.