அப்பாவின் சுற்றுவழி

எங்கள் வீட்டில் வறுத்த கடலைக்குத் தடை இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, உண்மைதான். மிக்சருக்கும் தடை. அவித்த முட்டையைக் குழம்பில் போட்டுத் தின்னலாம், மிளகுத்தூள் தூவித் தனியாகத் தின்னக் கூடாது. கேரம்போர்டு கூடாது. டிவி கூடாது. சினிமாப் பாட்டை முணுமுணுக்கவும் கூடாது. அம்மா பூ வைக்கக் கூடாது. இத்தனையும் போட்டவர் உங்கள் தாத்தா. இன்றைக்குக் கடலையை மடியில் கொட்டிக்கொண்டு உங்களோடு பங்குக்குச் சண்டை போடுகிறாரே, அவரேதான்.

அப்பா பெயிண்டர். சனிக்கிழமை கூலி வாங்குவார். வாங்கிய கூலியில் பாதி வீட்டுக்கு வந்தால் அது நல்ல சனிக்கிழமை. நம் காரைக்காலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. எனக்கு ஆறு வயதிருக்கும்போது, கோட்டுச்சேரியில் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபைக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் போனார் அப்பா. போனவர் அங்கே ஜெபத்தைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பி வந்தார். அதோடு குடி நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் எல்லோரும் அந்தச் சபைக்குப் போனோம்.

சபையில் யாரும் கடலையைப் பற்றிப் பேசியதில்லை. சட்டங்கள் அப்பா தாமாகப் போட்டவை. சாராயக்கடையில் கிளாசுக்குப் பக்கத்தில் கடலை இருக்கும், ஆகவே கடலை கூடாது. கேரம் ஆடினால் பந்தயம் வரும், பந்தயம் வந்தால் ஜெயித்தவன் கடைக்குக் கூப்பிடுவான், ஆகவே கேரம் கூடாது. பூ ஏன் கூடாது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் வழி. வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, சாராயக்கடை இருக்கும் தெரு வழியாக அப்பா வர மாட்டார். காரைக்காலில் கடையில்லாத தெருவாகப் பார்த்துப் போனால் கடலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் சந்து சந்தாக நுழைந்து, ஆற்றங்கரைவரை போய்த் திரும்பி, பத்து நிமிட வழியை முக்கால் மணி நேரம் மிதித்து வருவார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். ஆனால் வாய் சுத்தமாக இருக்கும். அம்மா அருகில் போய்த் தண்ணீர் கொடுப்பதுபோல ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொள்வாள்.

இந்தச் சட்டங்களுக்கு வீட்டில் ஒரு போலீஸ்காரன் இருந்தான். நம் ஊர்ப் போலீஸ் போடும் சிவப்புத் தொப்பி ஒன்றுதான் குறைச்சல். அது நான். ஒரு சட்டம் உடைந்தாலும் அப்பா மறுபடி குடிப்பார் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொண்டேன். தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது மென்றுகொண்டு வந்தால், வாயைத் திறக்கச் சொல்லிச் சோதனை போடுவேன். அவளுக்கு ஐந்து வயது. பயந்துபோய் நாக்கையும் சேர்த்து நீட்டுவாள்.

ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா வரும். சாமி ஊர்வலம் போகும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் துண்டிலும் முந்தானையிலும் கவிழ்த்துப் பிடித்த குடையிலும் ஏந்திக்கொள்வார்கள். ஊரே தெருவில் நிற்கும், நாங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம்.

அன்றைக்கு விழிதியூரிலிருந்து அத்தை வந்துவிடுவார். அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். சபைக்கெல்லாம் வராதவர். தம்பி குடியை விட்டால் மாம்பழம் வீசுகிறேன் என்று முன்பே வேண்டிக்கொண்டிருந்தார். தம்பி விட்டுவிட்டார். எப்படி விட்டார் என்பதில்தான் தகராறு.

"ஒங்க கர்த்தர் நிறுத்துனாரோ, எங்க சாமி நிறுத்துச்சோ, அத அவங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிக்கட்டும். நான் சொன்ன சொல்ல நான் காப்பாத்தணும்ல?" என்பார் அத்தை. தெரிந்தவர் வீட்டு மாடியிலிருந்து வருசம் தவறாமல் ஒரு கூடைப் பழம் வீசுவார்.

அப்பா அந்த ஒரு நாள் அக்கா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். "பழப் பையத் தெருவுலயே வெச்சிட்டு வாக்கா" என்பார், முகத்தைப் பார்க்காமல். அத்தை வாய் ஓயாதவர். ஆனாலும் பையைத் தெருவிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

நான் சொல்ல வந்த வருசம் திருவிழா சனிக்கிழமையில் வந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் அத்தை, கூட்டத்தில் பிடித்த பழங்களை ஒரு துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணி, அவரு பாத்தா சங்கடப்படுவாரு" என்றாள் அம்மா.

"தெரியும்டி. கொல்லையில வெக்கிறேன். காலையில எடுத்துக்கிட்டு போயிடுறேன். ஒன் புருசன் மேல வாசம்கூட படாது."

வாசம் பட்டது, என் தங்கையின் மேல். சற்று நேரம் கழித்து நான் கொல்லைப் பக்கம் ரோந்து போனபோது, குழாயடியில் குந்திக்கொண்டு கொட்டையைச் சூப்பிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சாறு.

"பாப்பா! அது சாமி பழம்!"

"இனிக்குதுண்ணா" என்று கொட்டையை என்னிடம் நீட்டினாள்.

"இனிமே அப்பா குடிப்பாரு, பாத்துக்க. ஒன்னாலதான்."

கொட்டை கையிலிருந்து விழுந்தது. அதை எடுக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. விளக்கு வைத்தாயிற்று, வரவில்லை. அம்மா நாலு தரம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தங்கை ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், பாவாடையால் வாயைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தாள்.

நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைத்திருந்தார்கள். அப்பாவின் சந்துகளில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கடைசியில் திறந்திருந்தது கடைத்தெரு ஒன்றுதான். சட்டைப்பையில் வாரக்கூலி. கூட வேலை செய்கிறவர்கள் கடை வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

அப்பா வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார், அது சாயாமல் விழுந்தது. அம்மா தண்ணீர்ச் செம்போடு அருகில் போனாள். மூச்சை இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. செம்பு அப்படியே கையில் நின்றது. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் பேசினேன். போலீஸ்காரன் அல்லவா.

"அப்பா, பாப்பா சாமி மாம்பழம் தின்னுட்டாப்பா. அதான் நீங்க குடிச்சிட்டீங்க."

தங்கை எழுந்து கொல்லைக்கு ஓடினாள். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது, சாக்கடை ஓரம் மண்டியிட்டு, இரண்டு விரலை வாய்க்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீராய் ஊற்றியது.

"ஐயோ, என்னடி பண்றே!" என்று அத்தை கத்தினார்.

"பழத்த வெளிய எடுத்துடுறேன் அத்தே. எடுத்துட்டா அப்பாவுக்குச் சரியாயிடும்."

அப்பா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த ஈரத் தரையிலேயே போய் உட்கார்ந்து, அவள் விரலை வாயிலிருந்து எடுத்தார். பெயிண்ட் படிந்த சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"நான் குடிச்சதுக்கு நீ ஏம்மா வாந்தி எடுக்கிறே?" என்றார். "நான் குடிச்சதுக்கு நீ ஏம்மா?" என்று மறுபடியும் மறுபடியும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவளை விட்டுவிட்டு வேறு யாரையோ கேட்பதுபோல இருந்தது அது.

மறுநாள் அப்பா சபைக்குக் கிளம்பவில்லை. "எந்த மொகத்த வெச்சிக்கிட்டு வர்றது? நீங்க போங்க" என்றார். அம்மா போய்ப் பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். ஆராதனை முடிந்ததும் அவர் மொபெட்டில் வந்து இறங்கினார். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர், குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார். அப்பா உட்காராமல் சுவரோரம் நின்றார். அத்தை ஊருக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார், கட்டியதையே திரும்பத் திரும்பக் கட்டினார்.

"எல்லா வேலியும் போட்டேன் பாஸ்டர். ஒண்ணையும் விடல. கடலகூட திங்கல. அப்பவும் விழுந்துட்டேனே" என்றார் அப்பா.

"கடலய விடச் சொல்லி நான் சொன்னேனா?"

"இல்ல. நானாதான். பயம்."

"யாருக்குப் பயந்தீங்க? கடவுளுக்கா, கடைக்கா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"மூணு வருசம் முன்ன செவுத்துக்கு வெள்ளையடிக்க வந்தீங்களே, அன்னைக்கு ஒங்க மேல என்ன வாசம் அடிச்சிச்சு?"

"சாராய வாசம்தான்."

"அந்த வாசத்தோடதான இயேசு ஒங்கள ஏத்துக்கிட்டாரு? கடலய விட்டுட்டா வந்தீங்க அன்னைக்கு?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டார்.

"அவரு ஒங்கள மகன்னு சொல்லி உள்ள கூப்புட்டுட்டாரு. நீங்க இன்னும் கூலிக்கு வந்த ஆள் மாதிரி வாசல்லயே நின்னுக்கிட்டு, இன்னைக்கு ஒழுங்கா இருந்தேனா, இருந்தேனான்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உள்ள வந்து உக்காருங்கய்யா."

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "அப்ப இனிமே குடிக்கலாமா பாஸ்டர்?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பாஸ்டர் அப்பாவைப் பார்த்தார்.

"இல்லடா" என்றார் அப்பா. "நேத்து ஒந்தங்கச்சி மொகத்தப் பாத்துட்டேன். இனிமே எனக்குக் கூடாதுன்னு யாரும் சொல்ல வேணாம்."

பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "அக்கா, ஒரு பழம் குடு."

"ஏன்டா, பேய் புடிச்சிக்காது?" என்றார் அத்தை. குரல் கேலி பேசப் புறப்பட்டு, வழியிலேயே உடைந்துவிட்டது.

"ஒஞ்சாமிய நான் கும்புடலக்கா. ஒன் கையால குடு, திங்கிறேன். அவ்வளவுதான்."

அத்தையால் துண்டின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பாஸ்டர்தான் அவிழ்த்துக் கொடுத்தார். அப்பா கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பழத்தை வெட்டி, முதல் துண்டைத் தங்கையிடம் நீட்டினார். அவள் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள். போலீஸ் உத்தரவு வேண்டுமாம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாகவே இல்லை. அந்த வீட்டில் ஒரு சட்டத்தையும் உடைக்காதவன் நான் ஒருவன்தான். முதல் துண்டோ, உடைத்தவளுக்கு. இரண்டாவது எனக்கு வந்தது. தின்றேன். இனித்தது. இனித்ததுகூட எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கடலை வந்தது. பூ வந்தது. கேரம்போர்டு வந்தது. சுற்றுவழியை மட்டும் அப்பா உடனே விடவில்லை. "காலு இன்னும் நெதானப்படல" என்று அம்மாவிடம் சொல்வார். சந்துகளில் மிதித்துத்தான் வந்தார். ஆனால் வரும்போது பாடிக்கொண்டு வந்தார்.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை. அடைமழை பிடித்துக்கொண்டது. டவுனுக்கு எங்களைக் கூட்டிப்போயிருந்த அப்பா, தங்கையை முன்கம்பியிலும் என்னைக் கேரியரிலும் வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். வழக்கமாகத் திரும்பும் சந்து வந்தது. அப்பா திரும்பவில்லை. நேராகப் போனார்.

கடை விளக்கு தெரிந்தது. "பெயிண்டரே, நனையாதீங்க, உள்ள வாங்க!" என்று ஒரு குரல் கேட்டது. நான் அப்பாவின் முதுகைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன். பழைய சட்டங்களை எல்லாம் மனசுக்குள் ஒன்றுவிடாமல் சொல்லி, இனி ஒழுங்காக இருக்கிறேன் என்று கர்த்தரிடம் கெஞ்சினேன்.

சைக்கிள் மணி அடித்தது. "வரலப்பா, புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க சோத்துக்கு!" என்று சிரித்துக்கொண்டே அப்பா சொன்னது முதுகு வழியாக என் காதில் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது கடை பின்னால் போய்விட்டிருந்தது. என் ஜெபம்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வீட்டில் இறங்கியதும் தங்கையைக் கேட்டேன். "நீ கண்ண மூடிக்கிட்டியா?"

"இல்லையே. கடையில கலர் பல்பு எரிஞ்சிச்சு. பாத்துக்கிட்டே வந்தேன்."

"பயமா இல்ல?"

"அப்பாதான ஓட்டுனாரு?" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

சின்னப் பிள்ளை, இதற்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் தலையைத் துவட்டினேன்.