அப்பா காணாத என் கல்யாணம்

அப்பாவுக்கு இழுப்பு. நமுனுகுலவில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்கிற வேலை பார்த்தவர். பனிக்காலத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்கும். மூச்சுக்கு உறிஞ்ச ஆஸ்பத்திரியில் கொடுத்த பம்ப் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் அதை வாயில் வைக்க அவருக்கு வெட்கம்.

என் கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்தே மழை. ஹாலிஎலயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து தோட்டத்துக் கோயிலில் இறங்கியபோது அப்பாவுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி முன்னாடி பம்ப இழுத்துக்கிட்டு நிக்க முடியாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நாங்கள் குடியிருக்கும் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் போனார். அங்கே ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்திருக்கிறார். இழுப்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

அவர் கோயிலுக்குத் திரும்பி வந்தபோது இரைப்பு சுத்தமாக நின்றிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். தாரை வார்க்க என் கையைப் பிடிக்கச் சொன்னார் ஐயர். அப்பா முகம் சிவந்து, உதடு வறண்டு, கண்ணின் கறுப்பு அகலமாக விரிந்து நின்றார். என்னையே உற்றுப் பார்த்தார்.

"யாரு புள்ள நீ? எம் மக எங்க?"

"காலையிலயே ஊத்திட்டாரு போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை.

யாருக்கு முன்னால் வெட்கப்பட்டாரோ, அந்தச் சம்பந்திதான் அவரைத் தாங்கிப் பிடித்து, வந்த வேனிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சித்தப்பா தாரை வார்த்தார். அழுதுகொண்டே தாலிக்குக் குனிந்தேன்.

மாலையில் கல்யாணச் சேலையோடு வார்டுக்குப் போனோம். அப்பா கட்டிலில் யாருடனோ பேசுவதுபோல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மூச்சுக்குழாயச் சுத்தி இருக்கிற தசைய இந்த இலைச் சத்து தளர்த்தும், அதனாலதான் இழுப்பு நின்னுச்சு" என்றார் டொக்டர். "அந்த மாதிரி மருந்தே பம்புலயும் உண்டு. அதுல அளவு இருக்கு. இலையில எவ்வளவு விஷம்னு யாருக்கும் தெரியாது. மூளைய, கண்ண எல்லாம் கலக்கிடும்."

மறுநாள் தெளிந்ததும் அப்பா கேட்டது, "தாலி கட்டியாச்சா?"

அந்த நாளில் நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. ஃபோனில் வீடியோ இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார். இப்போது பஸ்ஸிலும் கடையிலும் கூச்சமில்லாமல் பம்ப் எடுக்கிறார். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன தடவை நான் வீட்டுக்குப் போனபோது, அன்றைக்கு என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தேன் என்று கேட்டார்.

"அரக்குச் சிவப்புப்பா" என்றேன்.

"நல்லா இருந்திருக்கும்" என்றார்.