டாக்டர் முன்னால் பேசிய இங்கிலீஷ்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் டீச்சர். விளக்கு ஃப்ளிக்கர் ஆகும், தலைவலி த்ராப் ஆகும், பயத்தில் நெஞ்சு பவுண்ட் ஆகும் என்று போர்டில் எழுதி எழுதியே தோள்பட்டை தேய்ந்துவிட்டது. பிள்ளைகள் பாட்டாகப் பாடி ஒப்பிப்பார்கள். பரீட்சையில் எல்லாவற்றுக்கும் ‘மூவிங்’ என்று எழுதிவைப்பார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லைப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் மலையாளி டாக்டர் என்றால், நம் அரைகுறை மலையாளத்துக்குச் சிரித்துவிடுவாரோ என்று கூசி, தெரிந்த இங்கிலீஷை எடுத்துவிடுவோம். தமிழில் பேசினால் மதிப்பில்லை என்று நினைப்பு. நான் டீச்சர் வேறு, கேட்க வேண்டுமா?

என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பில் தண்ணீர் திருப்பப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பாலக்காட்டில் ஒரு மலையாளி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“பவுண்டிங், டாக்டர்.”

அன்றைய ஈசிஜியில் ஒன்றும் பிடிபடவில்லை. பதற்றமாக இருக்கும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். ஆறு மாதம் அதே மாத்திரைதான்.

“அப்புடி அடிக்கலீங்க டீச்சர்,” என்று வீட்டில் அவர் கேலிபோலச் சொல்வார். என் மடியில் விடைத்தாள் கட்டு இருக்கும். “மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க,” என்பேன். நிற்கக்கூடத் தெம்பில்லாத களைப்பு எனக்கு. அது பொய்யில்லை.

மூன்றாம் முறை போனபோதும் நான்தான் ஆரம்பித்தேன். அவர் டாக்டரின் மேசையை விரலால் தட்டினார். டக், டக், டக். விரல் அந்தரத்தில் நின்றது. நாங்கள் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு டக்.

“இப்புடித்தானுங்க. நடுவால நின்னுருதுங்க. அப்பக் கண்ணு இருட்டிக்குதுங்க.”

டாக்டர் எழுந்துவிட்டார். “எனக்குத் தமிழ் நல்லா அறியுமே! எத்தனை நாளா இது?”

“ஆறு மாசமாச்சுங்க. டீச்சர்கிட்டச் சொல்லீட்டேதானுங்க இருக்கறேன்.”

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உடனே அட்மிட் செய்யச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது.